எவர்சில்வர் போகாத அடுப்பு

அந்தப் பெட்டி திண்டிவனத்தில் எங்கள் வீட்டில் வந்து இறங்கியபோது, அதற்குள் வைப்பதற்கென்று எங்களிடம் ஒரு பாத்திரம்கூட இல்லை. சமையலறைச் சுவர் முழுக்க எவர்சில்வர். என் சீரில் வந்தது, என் மாமியாரின் சீரில் வந்தது, யார் யார் கல்யாணத்திலோ வந்தது, பேர் வெட்டியது, வெட்டாதது. அதுபோகப் பித்தளை அண்டா, அலுமினியக் குண்டான், இரும்பு வாணலி. "எங்கூட்ல பாத்திரத்துக்கா பஞ்சம்?" என்று அத்தை வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். பஞ்சமில்லைதான். கடையே வைக்கலாம். அதில் ஒன்றுகூட அந்தப் பெட்டிக்குள் போகக் கூடாது.

எண்பதுகளின் கடைசி அது. மஸ்கட்டில் வேலை பார்த்த என் கொழுந்தனார் லீவில் வந்தபோது, டூ இன் ஒன் ரேடியோவும் சென்ட் பாட்டிலும் கொண்டுவருவதற்குப் பதிலாக ஒரு மைக்ரோவேவ் அடுப்பைக் கொண்டுவந்துவிட்டார். டி.வி. என்று நினைத்து ஒயரைப் பிடித்துக்கொண்டு ஆன்டெனாவைத் தேடியவர்களும் உண்டு. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. "தீயே இல்லாம சோறு வேவுமாம்!" என்று ஒருவர் மாற்றி ஒருவர் வாயைப் பிளந்தார்கள். எனக்கு மட்டும் வேறு கணக்கு. அந்தப் பெட்டியைப் பார்த்ததுமே எனக்கு விழுப்புரம் பஸ்தான் கண்ணில் தெரிந்தது.

நான் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்து, பி.எட்.டும் முடித்தவள். விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர் இடம் காலியாக இருந்தது. நேரில் போய்ப் பேசிவிட்டு வந்தேன். அரையாண்டு லீவு முடிந்ததும் வந்து சேருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். சொன்ன நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. ஏனென்றால் வேலை கிடைத்ததே தவிர, வீட்டை விட்டு வெளியே கால் வைக்க வழி கிடைக்கவில்லை.

என் மாமனார் "போகாதே" என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் அப்படிச் சொல்கிற ஆளா? "நான் இன்னா, யாரையும் கட்டியா போட்டுக்கினு இருக்கேன்? நல்லா போவட்டும். எனக்கு ஒண்ணே ஒண்ணு. மத்தியானம் ஒரு மணிக்கு சோறும் கொழம்பும் ஆவி பறக்கணும், அவ்ளோதான்" என்றார். அவ்ளோதானாம்! ஒலக்கூர்ப் பக்கம் இருந்த கரும்பையும் மல்லாட்டைக் கடலையையும் பார்த்துவிட்டு அவர் வீடு வந்து சேரும்போது தட்டில் சூடு இல்லையென்றால், கையை உதறிவிட்டு எழுந்துவிடுவார். ஹாட்பேக்கில் வைத்த சோறு வியர்த்துப்போகும், அது ஆகாது. வெளியாள் சமைத்தால் அதுவும் ஆகாது.

அத்தை சூடு பண்ணிக் கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் முடிச்சு. நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முந்தைய வருஷம், ஸ்டவ் பற்ற வைக்கும்போது அத்தையின் முந்தானையில் தீப்பிடித்துவிட்டது. கையும் தோளும் வெந்து, ஆஸ்பத்திரியில் வாழையிலைமேல் படுத்துக் கிடந்து பிழைத்து வந்தவர். அதற்கப்புறம் அடுப்புப் பக்கமே வரமாட்டார். நான் தாளிக்கும்போது சட்டி சடசடவென்றால்கூட வாசலுக்குப் போய் நின்றுகொள்வார். அதனால்தான் அவ்வளவு அவசரமாகப் பையனுக்குப் பெண் பார்த்தார்கள் என்பது, வந்து கொஞ்ச நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அத்தைமேல் கோபப்படவும் முடியாது. அந்தக் கையைப் பார்த்தால் யாருக்குக் கோபம் வரும்? அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. கோபித்துக்கொள்ள ஒரு ஆள் இல்லாத வீட்டில் மாட்டிக்கொண்டால் மூச்சு முட்டும்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னால், "அப்பாகிட்ட நேரம் பாத்துப் பேசறேன்" என்பார். நல்ல மனுஷர்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் அப்பா எதிரில் வாயைத் திறந்தால் பல்லெல்லாம் கொட்டிவிடும் என்று ஒரு நினைப்பு. அந்த நேரம் வரவே இல்லை.

அப்படியிருக்கும்போதுதான் தீயே இல்லாத அடுப்பு வீடு தேடி வந்தது. விடியற்காலையில் நான் சமைத்து வைத்துவிட்டுப் போகலாம். மத்தியானம் அத்தை கதவைத் திறந்து, உள்ளே வைத்து, ஒரு குமிழைத் திருப்பினால் போதும். நெருப்பு இல்லை, புகை இல்லை, குச்சி கிழிக்கிற வேலை இல்லை. சாப்பாட்டு மேசையில் எல்லோரும் இருக்கும்போது துணிந்து கேட்டேன். மாமனார் எழுந்து போய்ப் பெட்டியின் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். "சரி, ஒரு வாரம் போய்ட்டு வா. சூடா வந்தா சரி. அவளுக்கும் பேஜாரு இல்லாம இருக்கணும். இல்லன்னா பேச்சே கிடையாது" என்றார்.

பெட்டியோடு ஒரு இங்கிலீஷ் புத்தகம் வந்திருந்தது. அதை நான் பி.எட். பரீட்சைக்குக்கூட அப்படிப் படித்ததில்லை. அந்த அடுப்பில் வருவது ஒருவகை அலை. கண்ணாடியையும் பீங்கானையும் தாண்டிப் போய், சாப்பாட்டில் இருக்கிற தண்ணீரைச் சூடாக்கும். உலோகத்தில் பட்டால் தாண்டாது, திரும்பி அடிக்கும். மெல்லிசான, கூரான உலோகமாக இருந்தால் பொறியே பறக்கும். புத்தகத்தில் பாத்திரத்தைச் சோதிக்க ஒரு வழியும் போட்டிருந்தது. சோதிக்க வேண்டிய பாத்திரத்தைக் காலியாக உள்ளே வை. பக்கத்தில் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் வை. ஒரு நிமிஷம் ஓடவிடு. தண்ணீர் சுட்டு, பாத்திரம் சில்லென்று இருந்தால் பாஸ். பாத்திரம் சுட்டால் ஃபெயில்.

மறுநாளிலிருந்து எங்கள் சமையலறை லேப் ஆனது. முதலில் ஊறுகாய் ஜாடி. பாஸ். ஆனால் கழுத்து குறுகி, ஆழமாக, அதில் சோற்றைப் போட்டால் ஓரம் கொதிக்கிறது, நடு ஜில்லென்று கிடக்கிறது. கரண்டி விட்டுக் கிளறவும் முடியாது. அடுத்தது பிளாஸ்டிக் டப்பா. தண்ணீர் சுட்டது, டப்பாவும் பாஸ் மாதிரிதான் இருந்தது. நம்பிக் குழம்பை ஊற்றினேன். எண்ணெய் சூடேறியதும் டப்பா ஒரு பக்கம் இளகி வாயைக் கோணிக்கொண்டது. குழம்பு முழுக்க பிளாஸ்டிக் வாடை. "இத்தத் தின்னா குடல் இன்னாத்துக்கு ஆவும்?" என்று அத்தை கேட்டார். நியாயமான கேள்வி. தூக்கிக் கொட்டினேன். கல்யாண வீட்டில் கொடுத்த மெலமைன் தட்டு தண்ணீரைவிட அதிகமாகச் சுட்டது. மண்சட்டியையும் விடவில்லை. கழுவிய ஈரம் உள்ளே ஊறியிருந்திருக்க வேண்டும். சட்டி அனலாகக் கொதித்தது, தம்ளர் தண்ணீர் வெதுவெதுப்போடு நின்றது, என் விரல்தான் வெந்தது.

கொழுந்தனாரே கொண்டுவந்திருந்த பீங்கான் செட் ஒன்று கண்ணாடி அலமாரியில் இருந்தது. அழகான செட். அதைக் கேட்க எனக்குப் பயம். அத்தையே எடுத்துக் கொடுத்தார். "பீங்கான் போவும்னுதான சொன்ன? இந்தா" என்றார். அந்த நிமிஷம் அவருக்கும் இதில் ஆசை வந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. உள்ளே வைத்துக் குமிழைத் திருப்பினேன். கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி மெல்லிசாக ஒரு தங்கக் கோடு இருந்ததை நான் கவனிக்கவில்லை. கோடு முழுக்க பட்பட்டென்று நீலமாக ஓடியது. பாய்ந்து நிறுத்தினேன். நல்லவேளை, அத்தை அந்தப் பக்கம் திரும்பி நின்றிருந்தார். "இன்னா சத்தம்?" என்றார். "ஒண்ணுமில்லத்தை, மாவு மில்லுல" என்று சொல்லிவிட்டேன்.

லீவு முடிய வந்துவிட்டது. இருக்கிற பாத்திரமெல்லாம் ஃபெயில். ராத்திரி படுத்தால் சுவரில் இருக்கிற எவர்சில்வர் எல்லாம் என்னைப் பார்த்துப் பல் இளிக்கிற மாதிரி இருக்கும். என் பேரை வெட்டி, என் அப்பா வண்டியில் ஏற்றி அனுப்பிய பாத்திரங்கள்தான் அவை. அத்தனையும் சேர்ந்து என்னை உள்ளே வைத்துப் பூட்டியிருந்தன.

சர்ட்டிபிகேட் காட்ட ஒருமுறை விழுப்புரம் போக வேண்டியிருந்தது. முண்டியம்பாக்கத்தில் கரும்பு டிராக்டர்கள் வழியை அடைத்துக்கொண்டு நின்றதில் பஸ் அசையவில்லை. புத்தகம் கண்ணாடி போகலாம் என்கிறது, ஆனால் சாதாரணக் கண்ணாடி கொதிக்கிற குழம்புக்கு விரிசல் விட்டுவிடும். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, கண்ணாடி எதற்கு உடைகிறது, எதற்கு உடையாது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். காலேஜ் லேபில் பர்னர்மேல் நேரடியாக வைப்போமே, அந்தக் கண்ணாடி உடைந்ததா? சட்டென்று எழுந்தே நின்றுவிட்டேன். பக்கத்து அம்மா, "இன்னாம்மா, எறங்கணுமா?" என்றார்.

விழுப்புரத்தில் பள்ளிக்கூடங்களுக்கு லேப் சாமான் விற்கிற கடை ஒன்று ஸ்டேஷன் போகிற வழியில் இருந்தது. கனமான கண்ணாடியில், அகலமாக, அடி தட்டையாக இரண்டு தட்டங்கள் வாங்கினேன். உப்புக் கரைசலைக் காயவைக்கிற தட்டம். கடைக்காரர் எந்த ஸ்கூல் என்று கேட்டார். சொன்னேன். அந்த ஸ்கூல் பெயரை என்னுடையதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. வாயெல்லாம் இனித்தது. அப்படியே பக்கத்துக் கடையில் கோடு, பூ எதுவும் இல்லாத வெள்ளைப் பீங்கான் தட்டு இரண்டு, மூடுவதற்கு. மடியில் வைத்துக்கொண்டு, பஸ் குலுங்கும்போதெல்லாம் கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

சோதித்தேன். தண்ணீர் கொதித்தது, தட்டம் சில்லென்று இருந்தது. சோறு போட்டு, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, தட்டை மூடி ஓடவிட்டேன். நடுவரைக்கும் ஆவி. அப்பாடா! சமையலறையில் தனியாக நின்று குதித்தேன்.

அத்தைக்குச் சொல்லிக் கொடுப்பது அதைவிட எளிதாக இருந்தது. "இது இன்னாடி, ஆஸ்பத்திரில டெஸ்ட் பண்ற ஜாமான் மாதிரி இருக்குது" என்று முதலில் முகம் சுளித்தார். உள்ளே இருப்பது வெளியே தெரிகிறதே என்று அப்புறம் அவருக்கே பிடித்துவிட்டது. கீழ் அலமாரியைக் காலி பண்ணி, தட்டங்களையும் பீங்கான் தட்டுகளையும் மட்டும் அதில் அடுக்கினேன். "அத்தை, இந்த அலமாரில இருக்கறது மட்டுந்தான் உள்ள போவலாம். வேற எந்தப் பாத்திரமும் போவக் கூடாது. எவர்சில்வர் மூடி கூடாது. கரண்டி கூடாது." அத்தை பிள்ளைபோல ஒப்பித்தார். தீப்பிடித்தபின் முதல் தடவையாக அவர் தன் கையால் சோற்றைச் சூடாக்கி, மூடியைத் தூக்கி, ஆவி முகத்தில் அடித்தபோது பின்வாங்காமல் நின்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "அவருக்கு நானே போடறேன்" என்று தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். காலையில் அந்த பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன் என்பதுகூட எனக்குச் சுகமாக இருந்தது. சாக்பீஸ் தூளோடு வீட்டுக்கு வந்தால், "இன்னிக்கு கொழம்பு கொதிச்சுடுச்சு, அவரே ஊதி ஊதிச் சாப்புட்டாரு" என்று அத்தை சிரிக்கிறார். செவ்வாய்க்கிழமையும் அப்படியே. மாமனார் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தாலே நமக்குத் தீர்ப்பு சாதகம்.

புதன்கிழமை என் அம்மா வந்தார்.

எங்கள் அம்மா வீடு மயிலத்துக்குப் பக்கத்தில். மகள் டீச்சராகிவிட்டாள் என்று கேள்விப்பட்டதும் அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வளர்த்த நாட்டுக்கோழியை அடித்துக் குழம்பு வைத்து, தூக்குவாளியில் ஊற்றி எடுத்துக்கொண்டு காலை பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டார். கறியை வழியில் எடுத்துக்கொண்டு போனால் எங்கள் பக்கம் சும்மா போகமாட்டார்கள். காத்து கருப்பு அண்டாமல் இருக்க ஒரு இரும்பாணியை உள்ளே போட்டுத்தான் எடுத்துப் போவார்கள். இலையில் பரிமாறும்போதுதான் அதை எடுத்து வைப்பார்கள். இது எங்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி. யாரும் சொல்லிக்கொடுப்பதும் இல்லை, யாரும் கேட்பதும் இல்லை. அம்மாவும் ஒரு நீள ஆணியைப் போட்டு எடுத்து வந்திருந்தார்.

நான் அந்த நேரம் விழுப்புரத்தில் காந்தப் புலம் நடத்திக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் தெருமுனையில் திரும்பும்போதே வாசலில் ஆட்கள் நிற்பது தெரிந்தது. உள்ளே கருகிய வாடை. கூடத்தில் அத்தை பாயில் சுருண்டு உட்கார்ந்திருந்தார். முந்தானையைக் கைக்குள் சுருட்டி இறுக்கிப் பிடித்திருந்தார், விரலெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. என் அம்மா சமையலறை வாசற்படியில், தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெட்டியின் கதவு திறந்து கிடந்தது. உள்சுவரில் ஒரு பக்கம் கருப்பாகப் பொத்துப் போயிருந்தது. என் கண்ணாடித் தட்டம் இரண்டாகப் பிளந்து, குழம்பு மேடையிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. ஆணியை யாரோ எடுத்து ஒரு எவர்சில்வர் தட்டில் தனியாக வைத்திருந்தார்கள்.

அத்தை என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "நீ சொன்ன மாதிரியேதாம்மா பண்ணேன். உன் தட்டத்துலதான் ஊத்துனேன். பீங்கான் தட்டத்தான் மூடுனேன். கரண்டியக்கூட எடுத்துட்டேன். உள்ள நெருப்பு வருதும்மா, படபடன்னு நெருப்பு..."

"ஆணி, அத்தை?"

"பாத்திரந்தான போவக் கூடாதுன்ன? ஆணி பாத்திரமா?"

பாத்திரம் என்றுதான் நான் சொல்லியிருந்தேன்.

"எடுத்து வெச்சிருக்கலாமே" என்றேன் மெதுவாக.

"கறில போட்ட ஆணிய சோத்துல ஊத்தறதுக்கு முன்ன எடுப்பாங்களா?" என்றார் அத்தை.

"அதெப்டி எடுக்கறது? எடுக்கக் கூடாது" என்றார் என் அம்மா, வாசற்படியிலிருந்து. கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த இரண்டு சம்பந்திகளும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அன்றைக்குத்தான். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஓவென்று அழ வேண்டும்போலவும் வந்தது. இரண்டையும் செய்யவில்லை. அம்மாமேல் அப்படி ஒரு கோபம் வந்தது. எனக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று ஆணி போட்ட அம்மாமேல் நான் எந்த முகத்தோடு கோபப்படுவது என்று அதற்கும் கோபம் வந்தது.

மாமனார் குரலை உயர்த்தவே இல்லை. "நானா வேணாம்னேன்? நீயே பாரு" என்று அத்தையின் பக்கம் கையைக் காட்டினார். பார்த்தேன். அத்தை மறுபடி பாயில் போய் உட்கார்ந்து முந்தானையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஆவிக்கு முன்னால் நின்ற பெண்பிள்ளை இல்லை அது. என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஆணியை எடுத்து ஜன்னலில் வைத்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை நான் போகவில்லை. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து விசாரித்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் வேறு ஒரு பெண்ணை எடுத்துக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்களையும் குறை சொல்ல முடியாது.

பெட்டியை ரிப்பேர் பண்ண ஆள் கிடைக்கவில்லை. ரேடியோ கடைக்காரர் பின்பக்கத்தைத் திறந்து பார்த்து, "இது நம்ம ஊர் சாமான் இல்லீங்க" என்று மூடிக் கொடுத்துவிட்டார். தூக்கிப் போடவும் யாருக்கும் மனசில்லை, மஸ்கட் சாமான் ஆயிற்றே. சமையலறை மூலையிலேயே கிடந்தது. அதன் கதவு மட்டும் நன்றாக இறுகி மூடும். பக்கத்து வீட்டுப் பூனை தொல்லை தாங்காமல், பால் வைக்க அதுதான் தோது என்று அத்தைதான் முதலில் கண்டுபிடித்தார். கரண்ட் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி வைத்தபின் அவருக்கு அதனிடம் பயமும் போய்விட்டது.

அதற்கப்புறம் எத்தனையோ வருஷம், தினமும் ராத்திரி காய்ச்சிய பாலை ஆற்றி, என் பேர் வெட்டிய எவர்சில்வர் குண்டானில் ஊற்றி, எவர்சில்வர் தட்டை மேலே மூடி, கரண்டியையும் மேலேயே வைத்து, அந்த அடுப்புக்குள் தள்ளுவேன். கதவை மூடினால் டக்கென்று பிடித்துக்கொள்ளும். ஒன்றும் ஆகாது.